எதற்குச் சிரித்தீர்கள்?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். நாலு வருடமாக அம்மாவும் அவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அவருக்கு ஒரு கஷ்டமும் கொடுப்பதில்லை. பில், பிள்ளைகள் ஃபீஸ், பேங்க் வேலை எல்லாவற்றையும் நானும் கணவரும் போனிலேயே முடித்துவிடுகிறோம். அடுத்த மாதம் வீடு மாறுகிறோம்; அதற்கும் ஆட்களை ஏற்பாடு செய்துவிட்டோம், அவரை அலையவிடவில்லை. அப்படியிருந்தும் மனிதர் நாள் முழுக்க 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' என்ற கேமே கதியென்று கிடக்கிறார். ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஆடுகிறார். மாதாமாதம் அதற்குக் கொஞ்சம் பணமும் கட்டுகிறார். போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது, "என்னை எல்டர் ஆக்கிட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். பத்து வயது மகனிடம் 'கேம் ஆடாதே' என்று எந்த முகத்தோடு சொல்வேன்? அம்மாவிடம் சொன்னால், "சத்தம் போடாம இருக்காரே, விடு" என்கிறார். கேமிங் டிஸார்டர் என்று ஒரு வியாதி இருப்பதாகப் படித்தேன். டாக்டரிடம் காட்டலாமா, போனை வாங்கி வைத்துவிடலாமா?

பதில்: பிறகு உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் நான் ஒன்று கேட்க வேண்டும். எதற்குச் சிரித்தீர்கள்?

கேம் பைத்தியம் என்று இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. மகன் ஆடுகிறான், கணவர் ஆடுகிறார், மருமகள் ஆடுகிறாள். எல்லாக் கடிதத்திலும் நேரக் கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கும். என்ன ஆடுகிறார்கள், அந்த ஆட்டத்துக்குள் அவர்கள் யார் என்று ஒருவரும் எழுதுவதில்லை. நீங்கள் எழுதிவிட்டீர்கள், உங்களை அறியாமலே. எழுதிவிட்டு, 'எல்லோரும் சிரித்துவிட்டோம்' என்று அரை வரியில் தாண்டியும் போய்விட்டீர்கள். எனக்கு அங்கேதான் கால் தடுக்கியது.

அந்த 'எல்டர்' என்னவென்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். எனக்கும் தெரியாதுதான். உறவுக்காரப் பையன் ஒருவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டச் சொன்னேன். ஃபின்லாந்தில் இருக்கும் சூப்பர்செல் என்ற கம்பெனி 2012இல் கொண்டுவந்த கேம் அது. ஆளுக்கொரு கிராமம், சுவர், பீரங்கி, படை என்று கட்டிக்கொண்டே போகலாம். தனியாகவும் ஆடலாம், ஆனால் ஆட்டத்தின் உயிர் கிளானில், அதாவது ஆடுகிறவர்கள் சேரும் குழுவில் இருக்கிறது. ஒரு கிளானில் 50 பேர் வரை. படி நான்கு: மெம்பர், எல்டர், கோ-லீடர், லீடர். எல்டர் ஆவது காசு கட்டி வாங்குகிற விஷயமல்ல, மேலே இருப்பவர்கள் ஆளைப் பார்த்துக் கொடுப்பது.

எதைப் பார்த்து? பையன் கிளான் பட்டியலைத் திறந்தான். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு எண்கள்: கொடுத்தது, வாங்கியது. படை தேவைப்படுகிறவர் பொதுவில் கேட்கிறார். கையில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கிறார். கொடுத்த படை வாங்கியவரின் கோட்டையில் போய் உட்கார்ந்து அவர் கிராமத்துக்குக் காவல் நிற்கிறது. பையன் ஒரு பெயரைத் தட்டிக் காட்டினான். "இவர் வாங்கிக்கிட்டே இருப்பார், குடுக்கமாட்டார். சீக்கிரம் தூக்கிருவாங்க."

இப்போது உங்கள் அப்பாவின் 31 வருடத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் ஸ்டோரைத் திறப்பார். பொருள் கேட்கும் இன்டென்ட் சீட்டோடு ஒருவர் வந்து நிற்பார். பேரிங் வேண்டும், பெல்ட் வேண்டும், நாலு இஞ்ச் போல்ட் இருபது வேண்டும். சீட்டைப் பார்த்து, எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்டாக்கில் கழித்து எழுதுவார். அவர் கொடுக்காவிட்டால் அங்கே மெஷின் நின்றுவிடும். அதே வேலையைத்தான் இப்போதும் பார்க்கிறார், அம்மா. ரிட்டயர் ஆனவர் போய் இன்னொரு ஸ்டோரில் சேர்ந்துகொண்டார், அவ்வளவுதான். கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்து அங்கே பிரமோஷனும் வாங்கிவிட்டார். அந்தச் செய்தியைச் சொல்ல அவருக்கு உங்களை விட்டால் ஆள் யார்? சாப்பாட்டு நேரம் வரை பொறுத்திருந்து சொன்னார். சிரித்தீர்கள்.

உங்கள் ஆபீஸில் உங்களுக்குப் பிரமோஷன் வந்த அன்று வீட்டில் யாராவது சிரித்தார்களா? அதுவும் ஒரு பட்டியலில் இருக்கும் எண்களை வைத்து வந்ததுதான்: டார்கெட், ஸ்கோர், ரேட்டிங். கேமைப் பார்த்து ஆபீஸ் நடத்துகிறார்களா, ஆபீஸைப் பார்த்துக் கேம் செய்தார்களா என்று எனக்கே சில நாள் குழப்பமாக இருக்கிறது. ஒன்று மட்டும் தெரிகிறது. 'இன்று உன்னால் ஒருவருக்கு இது ஆயிற்று' என்று கண்ணெதிரே எண் போட்டுக் காட்டுகிற இடத்துக்கு மனிதன் ஓடிப்போய்விடுகிறான். பள்ளிக்கூடப் பையனும் ஓடுகிறான், 64 வயதுக்காரரும் ஓடுகிறார்.

வியாதி என்று படித்தீர்களே, அதை முழுதாகப் படித்தீர்களா? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் டிஸார்டர் இருப்பது உண்மை. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அதில் சொல்லும் அடையாளங்கள் மூன்று. ஆட்டத்தை நிறுத்த ஆளால் முடியாமல் போவது. மற்ற ஈடுபாடுகளும் அன்றாடக் கடமைகளும் அதற்குப் பின்னால் தள்ளப்படுவது. கெடுதல் வந்தபிறகும் தொடர்வது. இதெல்லாம் பொதுவாக 12 மாதமாவது நீடித்து, வாழ்க்கையைப் பெரிதும் பாதித்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், அப்பாவின் எந்தக் கடமை பின்னால் போயிற்று என்று கண்டுபிடிப்பதற்காக. பின்னால் போவதற்கு அவரிடம் ஒரு கடமையை நீங்கள் மிச்சம் வைத்திருந்தால்தானே?

'ஒரு கஷ்டமும் கொடுப்பதில்லை' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது எனக்கு. பெற்றோரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைக்கும் பிள்ளைகள் எல்லோரும் இதையே எழுதுகிறார்கள். பில் உங்கள் போனில், ஃபீஸ் உங்கள் போனில், பேங்க் உங்கள் போனில். கிளானில் இருப்பதுபோல் உங்கள் வீட்டுக்கும் ஒரு பட்டியல் இருந்தால், நாலு வருடமாக அப்பா பெயருக்கு நேரே 'கொடுத்தது: 0' என்றுதான் இருக்கும். கொடுக்க வழியில்லாமல் செய்தது நீங்கள். கொடுக்காதவனைக் கிளானில் தூக்கிவிடுகிறார்கள். நாம் தூக்குவதில்லை, ஓரமாக உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறோம். அம்மா சொன்ன பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை. சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்று வீட்டுப் பெரியவரைப் பற்றி யார் முடிவெடுத்தது?

கம்பெனிக்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2009இல் ஃபார்ம்வில் என்று ஒன்று வந்தது. பயிர் வைத்தால் சொன்ன நேரத்துக்குள் போய் அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாடிவிடும். அதற்காகவே வேலை நேரத்தில் எழுந்து போய் அறுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். வாடுகிற பயிரைவிட, காத்திருக்கிற மனிதன் ஆளை இறுக்கமாகக் கட்டிப்போடுவான் என்று கேம் செய்கிறவர்களுக்குத் தெரியும். கிளாஷில் ஒரு கிளானும் இன்னொரு கிளானும் மோதும் கிளான் வார் 2014இல் வந்தது. தயாராக 23 மணி நேரம், சண்டைக்கு 24 மணி நேரம். ஆளுக்கு இரண்டு தாக்குதல், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். கூட்டிப் பாருங்கள், இரண்டு நாளில் ஆறே நிமிடம்! மிச்ச நேரத்திலும் அப்பா அந்தப் போனோடு இருக்கிறார் என்றால், கேட்பவனுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டும் புதிதாக வந்த பொடியனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டும் இருப்பார் என்பது என் ஊகம். கட்டடம் எழும்ப நாள் கணக்கில் காக்கவைத்து, பொறுக்காதவரிடம் காசு பிடுங்குகிற தந்திரமும் அதில் உண்டு. பணத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்: கட்டுவது அவர் காசு, தொகை எல்லை மீறவில்லை என்று உங்கள் வாயாலேயே 'கொஞ்சம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விடுங்கள்.

அப்பாவையும் சும்மா விடுவதாக இல்லை. மூன்று மணி அலாரம் தப்பு. காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தூங்கும் வீடு அது. சண்டைக்கு 24 மணி நேரம் இருக்கும்போது நடு ராத்திரியில் எழுந்து தாக்க வேண்டிய அவசியம் என்ன? யாரோ கேட்டிருப்பார்கள், இவருக்கு மறுக்க மனம் வந்திருக்காது. 31 வருடப் பழக்கம். எல்டர் ஆனவருக்கு 'நான் படுக்கப் போறேன், மத்ததை நீங்க பாத்துக்குங்க' என்று சொல்லவும் தெரிய வேண்டும். இதை அவர் எதிரில் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்கள், அம்மாவைத் தூது அனுப்பாதீர்கள். கோபமாகவே சொல்லலாம். நாலு வருடமாக அவரிடம் நீங்கள் ஒருமுறைகூடக் கோபப்பட்டிருக்கமாட்டீர்கள் என்று தோன்றுகிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளியிடம்தான் அப்படி யாரும் கோபப்படாமல் இருப்பார்கள்.

மகனிடம் எந்த முகத்தோடு சொல்வதென்றால், உங்கள் முகத்தோடுதான். பத்து வயதுப் பிள்ளைக்கான சட்டம் 64 வயதுக்காரருக்கும் பொருந்த வேண்டும் என்று எந்த வீட்டிலும் இல்லை. அவன் கேம் ஆடிக் கெட்டுப்போவானோ என்று உங்களுக்குப் பயம். எனக்கு வேறு பயம். தாத்தா ஒன்று சொன்னால் சிரிக்கலாம் என்று போன வாரம் அவன் கற்றுக்கொண்டுவிட்டான். சொல்லிக் கொடுத்தது கேம் இல்லை.

போன் அவரிடமே இருக்கட்டும். கிளானும் இருக்கட்டும். டாக்டர் செலவை மிச்சம் பிடியுங்கள்.

வீடு மாறுவதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கிற சாமானைப் பட்டியல் போட, வருவது எது கழிவது எது என்று பிரிக்க, பெட்டிக்குப் பெட்டி எண் போட, ஏற்றும்போது ஒருமுறையும் இறக்கும்போது ஒருமுறையும் சரிபார்க்க, 31 வருடம் இதையே செய்து பழகிய ஒரு மனிதர் உங்கள் வீட்டு அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் வெளியே ஆள் தேடியிருக்கிறீர்கள்! மூட்டை தூக்கச் சொல்லவில்லை, அதற்கு அந்த ஆட்களே வரட்டும். மேற்பார்வை அவரிடம் போகட்டும். 'பொழுது போகட்டும்பா' என்று இழுத்துக்கொண்டு கொடுக்காதீர்கள். பொய் இன்டென்ட் எத்தனை பார்த்தவர் அவர், உடனே தெரிந்துவிடும். முழுதாகக் கொடுங்கள். வருகிற ஆட்களோடு பேசுவது அவர், பணம் அவர் கையால், ஒரு பொருள் காணாமல் போனால் பதில் சொல்வதும் அவர். உங்கள் கணவர் நடுவில் போன் செய்து 'மாமா சொன்னதை விடுங்க' என்று ஆட்களிடம் வேறு உத்தரவு போடக் கூடாது.

அதற்கு முன்னால், இன்று ராத்திரி சாப்பிடும்போது, "அன்னிக்கு எல்டர்னு சொன்னீங்களேப்பா, எத்தனை பேருக்கு எல்டர்?" என்று கேளுங்கள். சொல்லச் சில நிமிடம் ஆகும். வேறு பேச்சுக்கு மாறாமல் கேளுங்கள்.

பட்டியல் போட ஆரம்பித்தால் உங்கள் பீரோவையும் திறக்கச் சொல்வார். இது எதற்கு மூன்று, அதை வாங்கி ஏன் அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்பார். பதில் சொல்லுங்கள். சிரித்து மழுப்பாமல்.