கை தூக்கினா நடுங்குதா?

கேள்வி: எனக்கு 64 வயசு. கொஞ்ச நாளா தலைக்கு மேல கை தூக்கி மேல் ஷெல்ஃப்ல இருந்து எதையாவது எடுத்தா கை நடுங்குது, கனமே இல்லாத டப்பாகூட விழுந்துடுமோன்னு பயமா இருக்கு. வலி பெருசா இல்ல. ஆனா கீழ இருந்து பை தூக்கினா ஒண்ணும் ஆகல. வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்னு வீட்ல சொல்றாங்க. தசை கரைஞ்சு போச்சுன்னா இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?

பதில்: பண்ண முடியும்மா, தாராளமா முடியும். வயசு ஒரு காரணம்தான், ஆனா அதோட விட்டுடாதீங்க.

30 வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு சுமாரா 3 லேர்ந்து 8 சதவீதம் வரை தசை குறையும், 60 தாண்டினா இன்னும் வேகமா. ஆனா பலம் அதைவிட சீக்கிரமா இறங்கிடுது, ஏன்னா தசையை வேலை வாங்குற நரம்பும் சேர்ந்து குறையுது. முதுகுத்தண்டுல இருந்து தசைக்கு ஆர்டர் போடுற நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமா அழிய, அதுங்க பார்த்துட்டிருந்த தசை நார்ல சிலதை பக்கத்து நரம்பு எடுத்துக்கும், மீதி வீணாப்போயிடும். ஒரு நரம்புக்கு இத்தனை நார்னு சுமை கூடிட்டா அளவா, நிதானமா தசையை இயக்குறது கஷ்டம், உங்க நடுக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

தோள்ல இது ஏன் பெருசா தெரியுதுன்னா, அந்த மூட்டோட குழி ரொம்ப ஆழம் கம்மி. ரொட்டேட்டர் கஃப்னு சொல்ற நாலு சின்ன தசைதான் எலும்பு உருண்டையை குழிக்குள்ளயே பிடிச்சு வெக்குது. கையை முழுசா 180 டிகிரி தூக்குறோம்னா அதுல கிட்டத்தட்ட 60 டிகிரி தோள்பட்டை எலும்பு சுழல்றதால வருது, அந்த எலும்பை சுழற்றுற தசைங்க லேட்டா வேலை செஞ்சா கழுத்துப் பக்கத்து தசை முந்திக்கும். கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு கையையும் பக்கவாட்டுல மெதுவா தூக்கிப் பாருங்க. கை தோள் உயரத்துக்கு வர்றதுக்குள்ளயே தோள் காதுகிட்ட ஏறுச்சுன்னா இந்தக் கோளாறு இருக்கலாம், மூட்டு இறுகினாலும் கஃப் கிழிஞ்சாலும்கூட அப்படி ஏறும்.

பை தூக்குறப்போ கை கீழ தொங்குது, தோள் கையைத் தூக்க வேண்டியதில்ல. கையை நீட்டித் தூக்கினா கையோட எடையே பாரம், உடம்பு எடையில சுமார் 5 சதவீதம், 60 கிலோ இருக்கிறவங்களுக்கு 3 கிலோ!

இப்ப நல்ல சேதி. 1990ல பாஸ்டன்ல 90 வயசை ஒட்டினவங்களுக்கு 8 வாரம் வெயிட் ட்ரெய்னிங் கொடுத்தாங்க, கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடுச்சு. அது கால் தசைதான், ஆனா தோளும் பழக்கினா பலம் ஏறும். முதல் சில வாரத்துல வர்ற முன்னேற்றம் பெரும்பாலும் நரம்பால வர்றது, தசை பெருக்க அப்புறம்தான் ஆரம்பிக்கும், அதனால கை பெருக்கலையேன்னு பாதில நிறுத்திடாதீங்க.

வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் போதும். சுவத்துல கை வெச்சு தள்ளுங்க. முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சு லேசான எலாஸ்டிக் பட்டையை வெளிப்பக்கமா இழுங்க, திரும்ப வர்றப்போ இன்னும் மெதுவா விடுங்க, அந்தத் திரும்புறதுலதான் பாதி பலன் இருக்கு. நடுக்கம்னால முதல்ல ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க, ஒரு பிசியோதெரபிஸ்ட் கிட்ட முறையை சரிபார்த்துக்கோங்க. ஸ்கேன்ல கஃப் கிழிஞ்சிருக்குன்னு வந்தா உடனே பதற வேணாம், 60க்கு மேல வலியே இல்லாத பல பேருக்கு அப்படி இருக்கு. ஆனா விழுந்தப்புறம் திடீர்னு கையே தூக்க முடியலன்னா தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: 68 வயசு, பிபி மாத்திரை போடுறேன். டம்பெல் தூக்கலாமா?

பதில்: டாக்டர் ஓகே சொன்னா தூக்கலாம் சார், பிபி கன்ட்ரோல்ல இருக்கணும். மூச்சை மட்டும் அடக்கவே கூடாது, அடக்கினா பிபி சட்டுனு எகிறும். தூக்கறப்போ மூச்சை வெளிய விடுங்க, இறக்கறப்போ உள்ள இழுங்க. வாய்விட்டு நம்பர் எண்ணிக்கிட்டே செஞ்சா மூச்சு அடங்காது.