மீளாய்வுக்கு என்ன திரட்டுவது?

பிரசவமாகி 9ஆம் நாள் இறந்த நெடுந்தீவுத் தாய், மரணப் பத்திரத்தில் "இதயம் நின்றது" என்ற ஒரே வரி, அடுத்த கிழமை தாய் மரண மீளாய்வு, அதற்கு என்ன திரட்டுவது என்று கேட்டு எழுதியிருக்கிறீங்கள். பிரசவமாகி 42 நாளுக்குள் நடந்ததால் மீளாய்வு கட்டாயம்.

இதயம் எல்லாச் சாவிலும்தான் நிற்கும், அது காரணமில்லை. குருதிப்போக்கா, உயர் இரத்த அழுத்தமா, கிருமித்தொற்றா, முன்பே இருந்த இதய நோயா, நுரையீரலில் இரத்தக்கட்டியா? பிரேத பரிசோதனை அறிக்கையையும் கர்ப்பகால அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. பிரசவத்துக்குப் பிந்திய வீட்டு வருகைகளில் காய்ச்சல், அழுத்தம் குறித்திருக்கா என்பதும் முக்கியம்.

பிறகு மணித்தியாலக் கணக்கில் ஒரு அட்டவணை: முதல் அறிகுறி, வீட்டில் முடிவெடுத்தது, படகு கிடைத்தது, குறிகாட்டுவான் இறங்குதுறையில் இறங்கினது, ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தது, மூத்த வைத்தியர் பார்த்தது. இரத்தம் கேட்ட நேரத்தையும் ஏற்றிய நேரத்தையும் தனித்தனி வரியில் எழுதுங்கோ. ஒரே வரியில் போட்டால் தாமதம் மறைந்துவிடும்.

வீட்டாரிடம் "ஏன் பிந்தினீங்கள்?" என்று கேட்டால் வாய் திறக்கமாட்டினம். அன்றைக்குப் படகு, காசு, மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருந்ததா என்று கேளுங்கோ. கூட்டத்தில் தாயின் பெயரோ தாதியின் பெயரோ வேண்டாம். பழி தேடினால் அடுத்த முறை குறிப்பேடே வெறுமையாய் வரும்.

"விழிப்புணர்வு தேவை" என்பது பரிந்துரையே இல்லை. இரவில் படகுக்கு எந்தப் பதவியிலுள்ளவர் பொறுப்பு, எந்தத் திகதிக்குள், யார் சரிபார்ப்பது என்று எழுதுங்கோ.

தாய் மரணத்தில் தீவுக்கும் நகருக்கும் இடையிலான வித்தியாசத்தை ஒரு வருடக் கணக்கில் காட்டாதேங்கோ. எண்ணிக்கை மிகச் சிறிது, ஒன்று கூடினாலே வீதம் துள்ளும். பல வருடங்களைச் சேர்த்து, சாவிலிருந்து மயிரிழையில் தப்பிய தாய்மாரையும் கணக்கிலெடுங்கோ.