பினாங்கில் பூட்டனார் வைத்திருந்த கடை: பெட்டியில் கிடக்கும் காகிதம் சொத்தாகுமா?

கேள்வி: எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டம். அத்தாவின் பாட்டனார் 1920களிலிருந்து பினாங்கில், சூலியா தெருவில் கடை வைத்திருந்தார். யுத்தம் முடிந்து சபரிலிருந்து, அதாவது வெளிநாட்டுப் பிழைப்பிலிருந்து, திரும்பியவர் ஊரிலேயே மவுத்தானார். அவருடைய பெட்டியில் 1938ஆம் வருடத்துக் காகிதம் ஒன்று இருக்கிறது. 'இது கெரான், அதாவது நிலப் பட்டா, இன்றைக்குக் கோடிக்கணக்கில் போகும், யுனெஸ்கோ பட்டியலில் வந்ததால் வாரிசுகளுக்கு அரசாங்கம் இழப்பீடும் கொடுக்கிறது' என்கிறார் எங்கள் ஊர் ஏஜென்ட். முதலில் எழுபத்தைந்தாயிரம் ரூபாயும், எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட பவர் பத்திரமும் கேட்கிறார். பாட்டனார் ஒரு கடையைப் பள்ளிவாசலுக்கு எழுதி வைத்ததாகவும் குடும்பத்தில் பேச்சு உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: பணமும் கொடுக்க வேண்டாம், பவரும் கொடுக்க வேண்டாம். இரண்டில் பவர்தான் பெரிய ஆபத்து. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய, அந்தக் காகிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கதவு எண்ணும் தெருப் பெயரும். நடுவில் ஆங்கிலத்தில் அச்சடித்த வாசகம். கோடு போட்ட இடத்தில் மையால் உங்கள் பூட்டனார் பெயர், 28 டாலர், 1938 மார்ச் மாதத்துக்கு. கீழே அரசர் தலை போட்ட முத்திரைத் தலை, அதன் குறுக்கே சீன எழுத்தில் ஒரு கையெழுத்து. இது வாடகை ரசீது. கொடுத்தவர் உங்கள் பூட்டனார். வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் கட்டடத்துக்காரர், அல்லது அவருக்காக வாடகை வசூலித்த ஆள். சொத்து உங்களுடையது என்று காட்ட ஏஜென்ட் நீட்டுகிற அதே காகிதம்தான், அந்தக் கட்டடம் வேறொருவருடையது என்பதற்கு முதல் சாட்சி.

'கடை எங்களுடையது' என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்த குடும்பத்துக்கு இதைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. கடை அவர்களுடையதுதான், கட்டடம்தான் இல்லை. பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் கொடியேற்றி, சுங்கமில்லாத் துறைமுகம் என்று அறிவித்த நாளிலிருந்தே நம் கரைக்காரர்கள் இங்கே வந்து வியாபாரம் செய்திருக்கிறார்கள். சூலியா தெருவுக்கு ஆரம்ப காலத்தில் மலபார் தெரு என்றே பெயர். தென்னிந்தியர்களை அப்படித்தான் அழைத்தார்கள். வந்தவர்களில் பலருக்கு இங்கே நிலம் வாங்கும் எண்ணமே கிடையாது. சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பி அங்கே வீடு கட்டினார்கள். கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு காசு மாற்றியவரும் ஊருக்கு எழுதிய கடிதத்தில் 'நம் கடை' என்றுதான் எழுதியிருப்பார்.

யுத்தத்துக்குப் பிறகு இன்னொரு குழப்பம் சேர்ந்தது. 1948 ஜனவரிக்குள் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. வாடகையை ஏற்ற முடியாது, ஆளைச் சுலபமாகக் கிளப்பவும் முடியாது. மாமா ஊருக்குப் போனால் மருமகன் உட்காருவார், மருமகனுக்குப் பின் கணக்கப்பிள்ளை உட்காருவார், வாடகை மட்டும் அசையாது. இப்படி இருந்தால் யாருக்குமே சொந்தக் கட்டடம் போலத்தான் தோன்றும். அந்தச் சட்டத்தை நீக்க 1997இல் சட்டம் போட்டார்கள். 2000 ஜனவரி முதல் பாதுகாப்பு இல்லை. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களிலிருந்து ஏராளமான குடும்பங்களும் கடைகளும் வெளியேறியது அப்போதுதான். ஆக, பழைய வாடகை உரிமை என்று ஒன்று உங்களுக்கு இருந்திருந்தாலும் அது அத்தோடு முடிந்துவிட்டது. யுனெஸ்கோ 2008இல் ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது உண்மை. அதற்காக வாரிசுகளுக்கு இழப்பீடு என்பது ஏஜென்ட்டின் சொந்தச் சரக்கு.

சரி, அவர் வேறு எங்காவது நிலம் வாங்கியிருந்தால்? அதையும் கண்டுபிடிக்கலாம், அதற்கு ஏஜென்ட் தேவையில்லை. பினாங்கிலும் மலாக்காவிலும் பழைய காலத்தில் கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்து வைக்கும் ஆங்கிலேய முறை இருந்தது. 1966 ஜனவரி முதல் தேசிய நிலச் சட்டத்தின்கீழ் எல்லாம் பட்டாப் பதிவேட்டு முறைக்கு வந்தது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். உங்கள் வீட்டில் கிடக்கும் பழைய பத்திரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பதிவேடு சொல்வதுதான் செல்லும். பதிவேட்டைப் பார்க்க யாரும் விண்ணப்பிக்கலாம்; கட்டணம் சில பத்து வெள்ளி (ரிங்கிட்). கொம்தார் கட்டடத்தில் இருக்கும் மாநில நில அலுவலகத்தில் 'சாரியான் பெர்செண்டிரியான்' என்று கேட்க வேண்டும், தனியார் தேடல் என்று அர்த்தம். ஆனால் நில எண்ணோ பட்டா எண்ணோ கையில் இருக்க வேண்டும். வெறும் ஆள் பெயரைச் சொல்லி 'இவருக்கு எங்கெல்லாம் நிலம் இருக்கிறது' என்று கேட்டால் பதில் வராது. 'உங்கள் பாட்டனார் பெயரைப் போட்டேன், கம்ப்யூட்டரில் வந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் எண்ணைக் கேளுங்கள். தர மாட்டார். தந்தால் அதை வைத்து நீங்களே தேடல் போட்டுக்கொள்ளுங்கள்.

தெருப் பெயர்கள் மாறியிருப்பதையும் கவனியுங்கள். பிட் ஸ்ட்ரீட் இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங், மார்க்கெட் ஸ்ட்ரீட் லெபோ பாசார், பீச் ஸ்ட்ரீட் லெபோ பந்தாய். ஆள் பெயர் இதைவிட மோசம். ஒரே முகமதுவை ஒரு அலுவலகம் மொஹமெட் என்றும் இன்னொன்று மஹோமெட் என்றும் எழுதி வைத்திருக்கும். இருவரும் ஒரே ஆள்தான் என்று நாம் சத்தியக் கடுதாசி கொடுக்க வேண்டும். எழுத்துப் பிழை அவர்களுடையது, முத்திரைச் செலவு நம்முடையது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைக் கட்டியவரும், தென்னிந்தியர்களின் தலைவர் என்ற பொருளில் அந்தப் பட்டம் பெற்றவருமான காதர் மைதீன் பெயரே பழைய ஆவணங்களில் காவ்டர் மொஹுதீன் என்றுதான் கிடக்கிறது.

பதிவேட்டில் பூட்டனார் பெயர் உண்மையிலேயே இருந்தால், காலம் கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் உரிமை போகாது. வேறொருவர் ஐம்பது வருடம் குடியிருந்தாலும் அனுபோகத்தால் பட்டா மாறாது. ஆனால் நிலவரி கட்டாமல் விட்டு, நோட்டீஸுக்கும் யாரும் பதில் சொல்லவில்லை என்றால் நிலம் மாநில அரசுக்குப் போய்விடும். ஊரில் இருந்த உங்களுக்கு அந்த நோட்டீஸ் வந்திருக்காது. நிலம் தப்பியிருந்தாலும் நம் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழை வைத்து இங்கே ஒன்றும் நடக்காது. இங்குள்ள நீதிமன்றமோ, சிறிய சொத்தாக இருந்தால் நில நிர்வாகியோ கொடுக்கும் நிர்வாக உரிமை ஆணை வேண்டும். அந்தச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் ஆறு மாதம் அலைந்துவிட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. அலைய வைத்தவர் யாரும் முதலிலேயே சொல்வதில்லை.

இப்போது பள்ளிவாசல் விஷயம். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உயிருள்ள பகுதி இதுதான்.

1801இல் கம்பெனி மலபார் தெருவின் தென்பக்கம் பள்ளிவாசலுக்கென்று நிலம் கொடுத்தது. அதைச் சுற்றிலும் பின்னாளில் பல வியாபாரிகள் தங்கள் கடைவீடுகளை வக்ஃபாக, அதாவது திரும்பப் பெற முடியாத தர்மச் சொத்தாக, எழுதி வைத்தார்கள். வாடகை வருமானத்தில் பள்ளிக்கு விளக்கு, தண்ணீர், வருடத்துக்கு ஒரு கந்தூரி என்று விவரமாக எழுதினார்கள். சிலர் இன்னொன்றும் சேர்த்தார்கள்: மீதி வருமானம் தன் சந்ததிக்கு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பள்ளிக்கும் ஏழைகளுக்கும் எழுதியதை ஆங்கிலேய நீதிமன்றங்கள் தர்மம் என்று ஒப்புக்கொண்டன. சந்ததிக்கு என்று எழுதியதை, முடிவில்லாமல் சொத்தைக் கட்டிப்போடுவது என்று சொல்லிப் பல வழக்குகளில் செல்லாது என்று தள்ளிவிட்டன. இங்கிலாந்தில் பிரபுக்களின் எஸ்டேட்டுக்குப் போட்ட விதியைக் கொண்டுவந்து சூலியா தெருக் கடைவீட்டின் மேல் வைத்தால் என்ன ஆகும்? அப்படித் தள்ளிய சொத்து வாரிசுகளுக்குத் திரும்பி, அவர்கள் வழக்காடி, விற்று, பங்கு பிரித்து எப்போதோ முடிந்திருக்கும்.

தள்ளப்படாமல் தப்பிய வக்ஃபுகள் பல, 1905இல் வந்த சட்டத்தின்படி முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென்று அரசு அமைத்த ஒரே வாரியத்தின்கீழ் போயின. இன்று பினாங்கு வக்ஃபுகளுக்கு மாநில இஸ்லாமிய சமய மன்றமே அறங்காவலர். ஆகையால் பூட்டனார் வக்ஃபு செய்திருந்தால் அந்தக் கட்டடம் உங்களுக்குத் திரும்ப வராது. யாரும் அதை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. 'வக்ஃபில் உங்கள் பங்கை எழுதிக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறவர் இல்லாத ஒன்றை வாங்குகிறார், அல்லது உங்கள் கையெழுத்தை மட்டும் வாங்குகிறார். ஆனால் வக்ஃபு பத்திரத்தில் சந்ததிக்கு என்று வாசகம் இருந்து, அது செல்லுபடியாகவும் இருந்தால், வருமானத்தில் பயன்பெற உரிமை கேட்கலாம். கோடிகளை எதிர்பார்க்க வேண்டாம். பல தலைமுறை கடந்து வாரிசுகள் பெருகியிருப்பார்கள். பராமரிப்புச் செலவு போக ஆளுக்குச் சில வெள்ளி வந்தால் அதிகம்.

இதற்கு மன்றத்துக்கு நீங்களே எழுதலாம். பூட்டனாரின் முழுப்பெயர், தகப்பனார் பெயர், ஊர், எந்தத் தெரு, ஏறத்தாழ எந்த வருடம், இவ்வளவு போதும். மலாயில் எழுதினால் நல்லது; ஆங்கிலத்தில் எழுதினாலும் படிப்பார்கள். மூன்று மாதம் கழித்து நினைவூட்டல் போடுங்கள். அரசு அலுவலகம் எந்த ஊரிலும் முதல் கடிதத்தைக் கடிதமாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசியாகப் பவர். ஏஜென்ட் அனுப்பிய நகலை நீங்கள் இணைத்தது நல்லதாயிற்று. நாலாவது பத்தியைப் பாருங்கள்: 'ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, திரும்பப் பெற இயலாதபடி' அதிகாரம் கொடுப்பதாக இருக்கிறது. சும்மா கொடுத்த பவரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். பணம் பெற்றுக்கொண்டு, திரும்பப் பெற இயலாது என்று எழுதிய பவரை மலேசியச் சட்டம் வேறு மாதிரிப் பார்க்கிறது. அவர் சம்மதிக்காமல் நீங்கள் ரத்து செய்ய முடியாது. அந்த 'தொகை' அவர் உங்கள் ஒவ்வொருவருக்கும் 'அட்வான்ஸ்' என்று தருவதாகச் சொன்ன ஆயிரம் ரூபாய்தான். எழுபத்தைந்தாயிரத்தை வாங்கிக்கொண்டு ஆயிரம் ஆயிரமாகத் திருப்பிக் கொடுத்து, அதைக் காட்டி உங்கள் கையைக் கட்டுகிறார். ஒருவேளை எங்காவது உண்மையிலேயே பூட்டனார் பெயரில் நிலம் இருந்தால் அது அவருடைய கைக்குள் போய்விடும். இல்லாவிட்டாலும் உங்கள் எல்லோருடைய கையெழுத்தும் பாஸ்போர்ட் நகலும் அவரிடம் இருக்கும்.

உங்கள் சாச்சா (சித்தப்பா) ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அட்வான்ஸ் வாங்கினாரா என்று முதலில் கேளுங்கள். வாங்கவில்லை என்றால் இன்றே எழுத்து மூலம் ரத்து செய்து, நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு, ஏஜென்ட்டுக்குப் பதிவுத் தபாலில் ஒரு படி அனுப்பச் சொல்லுங்கள். அது மட்டும் போதாது. மலேசியாவில் பவர் பத்திரத்தை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து வைப்பார்கள். ரத்து அறிவிப்பும் அதே இடத்தில் தாக்கலானால்தான் பவர் சாகும். வாங்கியிருந்தால், அந்த ஆயிரத்தைத் தொடாமல் எடுத்து வைத்துவிட்டு, பத்திரத்தின் முழு நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஏஜென்ட் சிபாரிசு செய்யும் வழக்கறிஞராக மட்டும் இருக்க வேண்டாம்.