கஜகஸ்தானில் ஒரு ஸ்டெப்பி (மரமில்லாப் புல்வெளி) மாவட்டம் எப்படி இருக்கும்? அங்கே நிர்வகிக்க என்னதான் இருக்கிறது?

கேள்வியின் பின்பாதியில் ஒரு கிண்டல் தெரிகிறது. வெறும் புல்வெளிதானே என்ற எண்ணம் தலைநகர் அஸ்தானாவுக்கு வேலைக்குப் போன புதிதில் எனக்கும் இருந்தது. எனக்குப் பழக்கமான கோர்கல்ஜின் மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

அஸ்தானாவிலிருந்து தென்மேற்கே சுமார் 130 கி.மீ. போனால் மாவட்டத் தலைமையிடமான கோர்கல்ஜின் கிராமம். வழிநெடுக மரமே கண்ணில் படாது. இறகுப்புல்லும் கோதுமை வயலும்தான். கிராமங்கள் பலவும் புல்வெளியை உழுது கோதுமை விளைவிக்க சோவியத் அரசு 1954-ல் தொடங்கிய தரிசு நில இயக்கத்தின் அரசுப் பண்ணைகளை ஒட்டி வளர்ந்தவை. சோவியத் ஒன்றியம் உடைந்து பண்ணைகள் கலைந்ததும் பலர் வெளியேறிவிட்டார்கள். இருப்பவர்களுக்குக் கோதுமையும் கால்நடையும்தான் பிழைப்பு.

மாவட்டத்தின் உயிர் நூரா ஆறு. கிழக்கே கரகண்டா பக்கமிருந்து வந்து, நன்னீர் ஏரிகளை நிரப்பிவிட்டு, கடைசியில் தெங்கிஸ் என்ற உப்பேரியில் முடிகிறது. அங்கிருந்து தண்ணீர் வெளியேற வழியில்லை. அந்த ஏரியில்தான் பூநாரைகள் கூடு கட்டுகின்றன; உலகில் அவை இயல்பாகக் கூடு கட்டும் வடகோடி இடங்களில் இதுவும் ஒன்று. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சரியார்க்கா என்ற புல்வெளி, ஏரிப் பகுதிக்குள் இதுவும் அடக்கம். ஆனால் ஆறு வரும் வழியில், மேல்பகுதியில் உள்ள தெமிர்தாவ் நகரின் ரசாயன ஆலை பல ஆண்டுகள் அதே ஆற்றில் பாதரசத்தைக் கொட்டியது. அது நடந்த இடம் வேறு மாகாணம். தன் தண்ணீரின் மேல் இந்த மாவட்டத்துக்கு என்ன அதிகாரம் இருக்க முடியும்?

நிர்வாகத்தில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது மாகாணத் தலைநகர்தான். மாவட்டம் அக்மோலா மாகாணத்தைச் சேர்ந்தது. பக்கத்திலிருக்கும் அஸ்தானா நாட்டின் தலைநகராகித் தனி நிர்வாகமாகப் பிரிந்துவிட்டதால், மாகாணத் தலைமையிடம் 1999-ல் கோக்‌ஷெதாவுக்கு மாறியது. மாகாண அலுவலகத்தில் ஒரு வேலை என்றால் அஸ்தானாவைத் தாண்டி வடக்கே இன்னும் 300 கி.மீ. போக வேண்டும்! நல்லவேளையாக, சான்றிதழ்கள் பெரும்பாலும் ஆன்லைனிலேயே கிடைத்துவிடுகின்றன.

மாவட்டத்தை நடத்துபவர் 'அகிம்'. ஏறத்தாழ கலெக்டர் பதவி. பொதுவாக மேலிருந்து நியமிக்கப்படுபவர். பட்ஜெட்டை நிறைவேற்றுவது, மக்கள் தேர்ந்தெடுத்த மஸ்லிகாத் என்னும் மன்றம். அதற்குக் கீழே ஊரக வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அகிம். இவர்களை 2021 முதல் ஊர்மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நிர்வாகத்தின் அசல் வேலையைக் குளிர்காலத்தில்தான் பார்க்கலாம். 'புரான்' என்ற பனிப்புயல் கிளம்பினால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது. உடனே சாலையில் தடுப்பை இறக்கிவிடுவார்கள். எவ்வளவு கெஞ்சினாலும் விடமாட்டார்கள்; புயல் அடங்கும்வரை வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். தடையை மீறிப் போய் நடுவழியில் சிக்கினால், மைனஸ் 30 டிகிரி குளிரில் டீசல் தீரும்வரைதான் ஆயுள். ஏப்ரலில் தொல்லை வேறு விதம். நிலம் இன்னும் உறைந்திருக்க, மேலே பனி உருகி, நீர் உள்ளே இறங்க வழியில்லாமல் ஊருக்குள் புகுந்துவிடும். மண் மூட்டை அடுக்குவதும் ஆட்களை மேட்டுக்கு ஏற்றுவதும் அதே அகிம்களின் தலையில்தான் விழும்.

போய்ப் பார்க்க விரும்பினால் மே, ஜூன் நல்ல மாதங்கள். தெங்கிஸ் ஏரி அடங்கிய இயற்கைக் காப்பகத்துக்குள் நுழைய அனுமதி தேவை. அதன் அலுவலகம் கோர்கல்ஜின் கிராமத்திலேயே இருக்கிறது.