தண்ணீர் கொதித்த பிறகும் தீயைக் கூட்டி வைத்தால் பருப்பு சீக்கிரம் வேகுமா?

வேகாது. தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும்.

திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதித்தாலும் சிம்மில் மெல்லக் கொதித்தாலும் தண்ணீரின் சூடு ஒன்றுதான். சென்னையில் 100 டிகிரி செல்சியஸ், ஊட்டி உயரத்தில் ஏறக்குறைய 93. பருப்பு வேகும் வேகம் இந்தச் சூட்டைப் பொறுத்தது. அடியில் தீ எவ்வளவு பெரிதாக எரிகிறது என்பதைப் பொறுத்தது அல்ல.

கூடுதல் வெப்பமெல்லாம் மூலக்கூறுகளைத் திரவத்திலிருந்து பிய்த்து ஆவியாக்கவே செலவாகிறது. வெப்பமானியில் தெரியாது என்பதால்தான் இதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். அளவும் லேசுப்பட்டதல்ல. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 293 கிலோஜூல் போதும். அதை முழுக்க ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். வீணானது போகப் பாத்திரத்துக்குள் 1000 வாட் இறங்குகிறது என்றால், கொதிக்க 5 நிமிடம், பிறகு வற்ற இன்னும் 37 நிமிடத்துக்கு மேல். (ஐஸ் உருகும்போதும் இதே கதைதான்: கிலோவுக்கு 334 கிலோஜூலை விழுங்கிவிட்டு 0 டிகிரியிலேயே நிற்கும்.)

வெப்பமானி வைத்துப் பார்ப்பதென்றால் முனை பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. தொட்டால் தண்ணீரின் சூட்டைவிடக் கூடுதலாகக் காட்டும். உப்புப் போட்டால் கொதிநிலை ஏறும் என்பது உண்மைதான், ஆனால் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போட்டால் 0.1 டிகிரி ஏறும். அதை நம்பிச் சமைக்க முடியாது.

சூட்டை நிஜமாகவே ஏற்ற வேண்டுமென்றால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். குக்கர் செய்வது அதைத்தான். வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு உள்ளே சேர்ந்தால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். அந்த அழுத்தம் வந்ததும் வெயிட் தூக்கிக்கொண்டு ஆவியை விட்டுவிடும்; ஆகவே அங்கேயும் முதல் விசிலுக்குப் பிறகு பெரிய தீ வீண்தான். சிம்மில் வைத்து நிமிடக் கணக்குப் பார்ப்பது விசில் எண்ணுவதைவிட நம்பகமானது.

ஆவி பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடுவதும் இந்த உள்ளுறை வெப்பத்தால்தான். 100 டிகிரித் தண்ணீர் ஒரு கிராம் தோலில் பட்டு ஆறினால் சுமார் 270 ஜூல் விடும். அதே அளவு ஆவி தண்ணீராக மாறும்போதே 2257 ஜூலைக் கொட்டிவிட்டு, பிறகுதான் ஆறத் தொடங்கும். கொதிக்கும் கெட்டிலின் மூக்கை உற்றுப் பாருங்கள்: வெள்ளைப் புகை மூக்கைத் தொட்டபடி தொடங்காது, சற்றுத் தள்ளித்தான் தொடங்கும். வெள்ளையாகத் தெரிவது ஏற்கெனவே குளிர்ந்த நீர்த்துளிகள். ஒன்றுமில்லாததுபோல் தெரியும் அந்த இடைவெளியில் இருப்பதுதான் அசல் ஆவி. விரலைக் கொண்டுபோகக் கூடாத இடம் அது.