பழைய லைமன் அலாஸ்கன் ஸ்கோப்புக்கு மவுண்ட் ரிங் எங்கே கிடைக்கும்?

லைமன் அலாஸ்கன் துப்பாக்கியில் பொருத்தும் ஒரு பழைய தொலைநோக்கி (ஸ்கோப்); அதைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்தும் வளையம்தான் மவுண்ட் ரிங். இதன் குழாய் விட்டம் 7/8 அங்குலம், அதாவது சுமார் 22.2 மி.மீ. இன்றைய கடை ரிங்குகள் பெரும்பாலும் 1 அங்குலமோ 30 மி.மீ.யோதான். அவற்றுக்குள் தகரத்தைச் சுற்றித் திணித்தால் பிடி ஓரிடத்தில் மட்டும் விழும், குழாய் நசுங்கும். அந்தக் கால ஸ்கோப்புக்கு நசுங்கிய குழாய் என்றால் கதை முடிந்தது.

வாங்குமுன் காலிப்பரால் குழாயை இரண்டு மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள். பழைய பொருள் ஏலங்களில் ஸ்கோப்பின் பெயரைவிட "7/8 ரிங்", "ரெட்ஃபீல்ட் ஜூனியர்" (ஒரு மவுண்ட் வகை) என்று தேடினால்தான் அகப்படும். ரிங்கின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். பேஸ், அதாவது ரிங்குகள் உட்காரும் அடித்தகடு, தனி விஷயம்: அது ஸ்கோப்புக்கல்ல, துப்பாக்கி மாடலுக்குப் பொருந்த வேண்டும்.

ரெட்ஃபீல்ட் ஜூனியரில் முன் ரிங் 90 டிகிரி திருகிப் பூட்டும். பின் ரிங்கை இரு பக்கத் திருகுகள் பிடிக்கும். ஸ்கோப்பையே நெம்புகோலாக்கித் திருகாதீர்கள். அதே விட்டமுள்ள மரக்கம்பு போதும்.

அமெரிக்க பேஸ் திருகுகள் பெரும்பாலும் 6-48. அதாவது 6-ஆம் எண் தடிமன், அங்குலத்துக்கு 48 மரை. பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் எம்3.5 திருகை முறுக்கினால் ரிசீவரின் (பேஸ் பொருந்தும் துப்பாக்கி உடலின்) மரை போய்விடும்.