மொட்டை மாடிக் கசிவு: மேற்பூச்சு மட்டும் போதுமா?

கேள்வி: 20 ஆண்டுப் பழைய எங்கள் வீட்டு மாடித் தட்டோட்டின் மீது நீர்த்தடுப்புப் பூச்சு அடித்த பிறகும், ஐப்பசி மழையில் படுக்கையறைக் கூரையில் ஓதம் படர்கிறது. மீண்டும் அடிக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: காரணம் தெரியாமல் அடிக்க வேண்டாம். தட்டோட்டுக்கும் கான்கிரீட் தளத்துக்கும் இடையிலுள்ள செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், ஓரிடத்தில் நுழையும் நீர் பல அடி தள்ளி வேறோர் அறையில் இறங்கக்கூடும். ஓதம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே பூசுவது பெரும்பாலும் வீண் செலவு. கோடையிலும் ஈரம் இருந்தால், முதலில் தண்ணீர்த் தொட்டிக் குழாய்களைச் சோதியுங்கள்.

வெயில் காலத்தில் மாடியைப் பகுதி பகுதியாகத் தடுத்து, ஓர் அங்குல உயரத்துக்கு நீரை 48 மணி நேரம் தேக்கிப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையும் மழைநீர்க் குழாயின் வாயுமே பெரும்பாலும் குற்றவாளிகள். ஓடுகள் உறுதியாக இருந்தால், இணைப்புகளைச் சுரண்டி, பாலிமர் கலந்த சிமெண்டுக் கலவையால் நிரப்பி, சுவர் மூலையை வளைவாகப் பூசினால் போதும். தட்டும்போது பரவலாக வெற்றொலி கேட்டால், தளம் வரை பெயர்த்து, விரிசல்களை அடைத்து, தளத்தின் மீதே பூச்சு அடித்து, மறுபடி நீர் தேக்கிச் சோதித்த பின்னரே நீர் வடியும் வாட்டத்துடன் (சரிவுடன்) ஓடு பதிக்க வேண்டும். செலவு கூடுதல்தான், ஆனால் இதில் குறுக்குவழி கிடையாது.

கூரையின் அடிப்பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், எதற்கும் முன்பாகக் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.